கடலுக்கும் கிழமை உண்டு

இராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுகளின் நாள். செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு நாட்டுப்படகுகளின் நாள். பாக் விரிகுடா ஓரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடமாகிவிடும். பாம்பனில் எங்கள் அப்பா வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருந்தார். விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பும் நாளில் அவர் கரையில் உட்கார்ந்து வலையைச் செப்பனிடுவார். மறுநாள் அவருடைய முறை. ஒரே கடலை இரண்டு வகைப் படகுக்காரர்கள் வாரத்தைப் பிரித்துக்கொண்டு பயன்படுத்தி வருகிறார்கள்.

இதற்குக் காரணம் வலைதான். விசைப்படகின் இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டே போகும். நாட்டுப்படகுக்காரர் விரிக்கும் நண்டு வலை ஓரிடத்தில் நின்று, நண்டு வந்து மாட்டுவதற்காகக் காத்திருக்கும். அந்த வழியாக இழுவைமடி போனால் நின்ற வலை போன இடம் தெரியாது. 1970-களின் பிற்பகுதியில் தமிழகக் கரை நெடுக இதனால் மோதல்கள் நடந்தன. படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அதன் தொடர்ச்சியாக 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை பாரம்பரியப் படகுகளுக்கு என்று ஒதுக்கியது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பாக் விரிகுடாவிலோ இடத்தைப் பிரித்தால் மட்டும் தீராது. ஆழம் சராசரியாக ஒன்பது மீட்டர், எதிர்ப்பக்கம் இலங்கை. விலகிப் போக இடமில்லாத கடலில் நாளையும் பிரித்தார்கள்.

உலகம் இன்று கடல்வெளித் திட்டமிடல் என்று பேசுவதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இந்த ஏழு கிழமைதான். ஒரு கடற்பரப்பை யார் யார் பயன்படுத்துகிறார்கள், எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில் என்று முதலில் பதிவு செய்வது. யாருடைய வேலை யாருடைய வேலையைக் கெடுக்கும், எவை ஒன்றாக இருக்கலாம் என்று பார்ப்பது. எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒதுக்குவது. சில ஆண்டுகள் கழித்துத் திருத்துவது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 2009-இல் இதற்கென ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டது. கடலோர ஊர்களில் மக்களோடு உட்கார்ந்து இத்தகைய வரைபடங்கள் போடுவது இப்போது என் வேலை. அந்த வேலையில் நான் கற்றதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நீலத்துக்குள் இவ்வளவு கூட்டமா?

பள்ளி அட்லஸில் கடல் வெறும் நீலம். மன்னார் வளைகுடாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி, 560 சதுர கிலோமீட்டரில், 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. அதையும் சேர்த்து 10,500 சதுர கிலோமீட்டர் 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களுக்கு வழி வேண்டும். சங்கு குளிப்பவர்களுக்குப் பார் எனும் கடலடித் திட்டு வேண்டும். விசைப்படகு, பைபர் படகு, வல்லம், தூண்டில்காரர், கணவாய் பிடிப்பவர், பாசி எடுக்கும் பெண்கள் என ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அங்கேதான் இருக்கிறது. கரையில் அனல் மின்நிலையமும் உப்பளமும் இருக்கின்றன. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் கிளம்பும் நேரத்தில் அது பறக்கும் வழியிலுள்ள கடலில் படகுகள் நிற்கக் கூடாது. கடலில் காற்றாலை நிறுவும் திட்டமும் இந்தப் பகுதியைத்தான் பார்க்கிறது.

இதில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி தருவது ஒவ்வொரு துறை. பூங்கா வனத்துறையிடம், மீன்பிடி மீன்வளத்துறையிடம், கப்பல் துறைமுகத்திடம், காற்று ஓர் அமைச்சகத்திடம், எண்ணெய் வேறோர் அமைச்சகத்திடம். 12 கடல் மைல் வரை மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை ஒன்றிய அரசின் பொறுப்பு. ஒவ்வொருவரும் தம் மேசையில் தம் வரைபடத்தைப் போடுகிறார்கள். அத்தனையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மேசை இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 12 கடல் மைல் வரையான நீர்ப்பரப்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது என்றாலும், அது எதைச் செய்யக் கூடாது என்று சொல்கிற விதி. யாருக்கு எந்த இடம் என்று பேசித் தீர்க்கும் ஏற்பாடு அதற்குள் இல்லை.

படத்தில் இல்லாத பெண்கள்

வரைபடத்தில் இல்லாதவர்களுக்கு என்ன நேரும் என்பதைப் பாசிப் பெண்களிடம் கேட்க வேண்டும். இராமேஸ்வரம் தீவிலும் எதிர்க்கரையிலும் தலைமுறைகளாகப் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் கட்டிய வலைப்பையோடு மூச்சுப் பிடித்து மூழ்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி அகர் செய்யப் போகும். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் வேறு ஆலைகளுக்குப் போகும். பாறையில் கை கிழியும், பவளத்தில் கால் கிழியும்.

தீவுகளைச் சுற்றிப் பூங்கா வந்தபோது அவர்கள் பாசி எடுத்த இடங்கள் ஒரே கோட்டில் தடைசெய்யப்பட்ட இடங்களாயின. பூங்கா தேவைதான். அந்தப் பவளப்பாறைகளை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டன. ஆனால் படகும் இயந்திரமும் இல்லாமல் உடம்பை மட்டும் நம்பி இறங்கும் இந்தப் பெண்கள் எந்தத் துறையின் கணக்கிலும் மீனவராக இருக்கவில்லை. எல்லை வரைந்தபோது அவர்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்க வாய்ப்பே இல்லை.

அவர்கள் தாங்களே சங்கமாகக் கூடி ஒரு திட்டம் போட்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. பாசி வளரும் பருவத்தில் 45 நாள் கடலிலேயே இறங்குவதில்லை. பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி கூடாது. யாரும் சொல்லிக் கொடுத்த விதி கிடையாது. நீர் வற்றும் நாளில்தான் பாசி கைக்கு எட்டும், வேரோடு சுரண்டினால் அடுத்த ஆண்டு இருக்காது என்ற அனுபவம் விதியானது. இந்தப் பெண்களின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் சர்வதேச விருது கிடைத்தது. உலகம் பாராட்டிய ஒரு கடல் திட்டம் எங்கள் ஊரில் எழுத்தறிவு குறைந்த பெண்களின் கையில் உருவானது.

“ஒங்க படத்துல கெழமை எங்க தாயி?”

ஊருக்கு ஊர் நாங்கள் வரைபடம் போடும் முறையைச் சொல்கிறேன். சமுதாயக் கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ தரையில் கடல் வரைபடத்தை விரிப்போம். டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவு அலுவலகம் வெளியிடும் படம் அது. ஆழம், பாறை, கலங்கரை விளக்கம் எல்லாம் இருக்கும். கப்பலோட்டிக்கு அதுவே போதும். எண்களைப் பார்த்ததும் பெரியவர்கள் மீட்டரைப் பாகமாக மாற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். மெல்லிய காகிதத்தை மேலே போட்டு, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நிறத்தில் வரையச் சொல்வோம். எத்தனை பேர் போகிறார்கள் என்பதற்குப் புளியங்கொட்டை. ஆள் அதிகம் போகும் இடத்தில் கொட்டை குவியும்.

மண்டபம் பக்கத்து ஊர் ஒன்றில் எல்லாம் வரைந்து முடிந்த பிறகு, வெகுநேரம் பேசாமலிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: “எல்லாஞ் சரி. ஒங்க படத்துல கெழமை எங்க தாயி?” பிறகு அவரே விளக்கினார். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். அப்போது தென்கடலுக்குப் போவார்கள். கச்சான் அடிக்கும்போது தென்கடல் பொங்கும், வடகடலுக்கு வந்துவிடுவார்கள். எங்கள் பேச்சில் வடகடல் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா. “ஆறு மாசம் அங்க யாரையும் பாக்க மாட்டீக. அதுக்காக அது சும்மா கெடக்குற எடம்னு எழுதிப்புடாதீக,” என்றார்.

கடலைப் பற்றி நான் கேட்ட மிக முக்கியமான வாக்கியம் அது. நிலத்தில் ஒருவரின் பங்கை வேலி காட்டும். கடலில் நாளும் பருவமும் நேரமும் ஆழமும்தான் காட்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2017-க்கு முன்பு அது 45 நாள். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். சுருக்குமடி வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால ஆணை, 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று சொன்னது. பாம்பன் பாலத்தில்கூட இதே கணக்குதான்: ரயில் போகும் நேரம் வேறு, தூக்குப்பாலம் உயர்ந்து படகும் கப்பலும் போகும் நேரம் வேறு. நேரத்தைக் காட்டாத கடல் வரைபடம் பாதி வரைபடம். செயற்கைக்கோள் ஒரு நாள் எடுத்த படத்தைப் பார்த்து ‘காலி இடம்’ என்று முடிவு செய்தால், ஓர் ஊரின் ஆறு மாதப் பிழைப்பு அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல பார் இருக்கும் இடத்தை யாரும் லேசில் சொல்ல மாட்டார்கள். கரையில் கோயில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் நேர்கோட்டில் வைத்து அடையாளம் கண்ட இடங்கள் தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்த சொத்து. வரைபடத்தில் புள்ளி வைத்தால் நாளை நூறு பேர் கருவியோடு வந்து நிற்பார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் புள்ளிக்குப் பதிலாகப் பெரிய கட்டங்களாகத்தான் நாங்கள் குறிக்கிறோம். மூலப் படம் ஊரிடமே இருக்கும். தகவல் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் வெளியே போகக் கூடாது என்பதை இந்த வேலையின் முதல் ஒழுக்கமாக நான் கருதுகிறேன்.

மற்ற கடல்கள் சொல்லும் பாடம்

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 3,44,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடல் பூங்கா. இங்கே மீன்பிடிக்கலாம், இங்கே தூண்டில் மட்டும், இங்கே எதையும் எடுக்கக் கூடாது என்று நிறம் நிறமாகப் பிரித்த வரைபடம் அங்கே தூண்டில்காரர் கையிலெல்லாம் இருக்கும். எதையும் எடுக்கக் கூடாத பகுதி 2004-க்கு முன் 5 சதவீதத்துக்கும் குறைவு. 2004-இல் அதை ஏறத்தாழ 33 சதவீதமாக உயர்த்தினார்கள். அதற்கு முன் மக்களிடமிருந்து 31,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் எழுத்தில் வந்தன. எல்லைக்கோடுகள் பல இடங்களில் மாறின. தொழில் இழந்த மீனவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் தந்த ஈடு, முதலில் நினைத்ததைவிடப் பல மடங்கு பெருகி 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. கோடு போடும் முன்பே, அந்தக் கோட்டால் இடம் இழப்பவருக்கு என்ன தரப்போகிறோம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

பெல்ஜியத்துக்கு இருப்பது 65 கிலோமீட்டர் கடற்கரையும் சுமார் 3,450 சதுர கிலோமீட்டர் கடலும்தான். நம் மன்னார் உயிர்க்கோளக் காப்பகத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் கப்பல் வழி, மணல் எடுக்கும் இடம், காற்றாலை, பாதுகாக்கப்பட்ட பகுதி, மீன்பிடி எல்லாவற்றையும் பொருத்தி 2014-இல் சட்டத் தகுதியுள்ள ஒரே திட்டமாக வெளியிட்டார்கள். 2020-இல் திருத்திய திட்டம் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தியே ஆக வேண்டும். சிறிய கடல்தான், ஆனால் ஒரே மேசை.

கம்பம் நட்ட பிறகு பேச முடியாது

இந்த மேசை நமக்கு ஏன் அவசரம் என்றால், காற்றாலை வருகிறது. கடல் காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015-இல் வந்தது. குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட் கடலில் நிறுவுவதற்கு நிதி உதவி தரும் திட்டத்துக்கு 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நிலக்கரிப் புகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை; கடல் சூடாகிப் பவளம் வெளுப்பதைக் கண்ணால் பார்க்கிற ஊர்க்காரி நான். ஆனால் காற்றாலைக் கம்பங்களுக்கு இடையே கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி இருப்பதால் படகு போகலாமே என்று சொல்கிறவர்கள், வலை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்ததில்லை.

மிதக்கும் செவுள் வலையை மாலையில் இறக்கிவிட்டால் அது நிற்காது. நீரோட்டத்தோடு இரவெல்லாம் போகும். படகும் ஒரு முனையைப் பிடித்தபடி கூடவே போகும். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் நீளமான வலை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும்போது, எதிரே ஒரு கம்பம் வந்தால் வலை அதில் சுற்றிக்கொள்ளும். படகு நுழையப் போதுமான இடைவெளி, வலைக்கு இடைவெளியே இல்லை. தூண்டில்காரருக்கு அதே கம்பத்தடி மீன் சேரும் நல்ல இடமாகக்கூட அமையலாம். ஆகவே ‘மீனவர்’ என்று மொத்தமாக ஒரு கட்டம் போட்டால் திட்டம் தவறும். எந்த வலை, எந்தப் பருவம், எந்த நீரோட்டம் என்று பிரித்துக் கேட்டால் கம்ப வரிசையைத் திருப்பலாம், கேபிள் போகும் வழியை மாற்றலாம். கம்பம் கால் நூற்றாண்டு நிற்கும். நட்ட பிறகு நகர்த்த முடியாது.

எல்லைக்கோட்டுக்கு அப்பாலும் தமிழர்கள்

பாக் விரிகுடாவைப் பற்றி எழுதும் எவரும் மறுகரையைப் பேசாமல் முடிக்கக் கூடாது. 1974 ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் இந்தக் கடலில் எல்லைக்கோடு போட்டன. மன்னார் வளைகுடாவுக்கு 1976-இல் கோடு வந்தது. போர் நடந்த காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குள் விடப்படவில்லை. 2009-க்குப் பிறகு அவர்கள் சிறு படகுகளோடும் கடன் வாங்கிய வலைகளோடும் திரும்பி வந்தார்கள். அவர்கள் வலை விரித்த நீரில் நம் இழுவைமடிகள் போயின. எங்கள் அப்பா எதற்காகத் திங்கட்கிழமை கரையில் உட்கார்ந்தாரோ, அதே சேதத்தை அந்தக் கரைத் தமிழர்கள் கிழமைப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் அனுபவிக்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடைசெய்தது. நம் மீனவர்கள் சிறைப்படுவதும் படகுகள் பறிபோவதும் எனக்கு வலிக்கிறது. அவர்களின் கிழிந்த வலையும் அதே அளவு வலிக்க வேண்டும்.

இடத்தைப் பிரிப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் இந்தக் கடல்தான் காட்டுகிறது. கொள்ளாத அளவுக்குப் படகுகள் இருந்தால் எப்படிப் பிரித்தாலும் பங்கு போதாது. அதனால்தான் 2017-இல் 2,000 இழுவைப் படகுகளை மாற்றி ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு அனுப்பும் திட்டத்தை 1,600 கோடி ரூபாயில் அரசு அறிவித்தது. 2022-இல் இதே விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் வந்தது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. இழுவைமடி வாரி எடுப்பதும் அதைத்தான். படகு குறைப்பதும் புல் காப்பதும் அண்டைக் கரையோடு பேசுவதும் தனித்தனி கோப்புகளாக இருக்கும்வரை ஒன்று மற்றொன்றைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

தொடக்கம் இருக்கிறது. இந்தியாவும் நார்வேயும் 2019-இல் செய்த உடன்பாட்டின்படி, புதுச்சேரியும் இலட்சத்தீவும் கடல்வெளித் திட்டமிடலுக்கு முன்மாதிரி இடங்களாயின. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அந்தப் பணியைச் செய்கிறது. 1953-இல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம்தான் நம் நாட்டு மீன்பிடியில் இயந்திரத்தைப் பரப்பியது. அன்று வந்தது படகு. பங்கிடும் முறை கூடவே வரவில்லை. இம்முறை பங்கிடும் முறையிலிருந்து தொடங்குவோம்.

அந்தத் திட்டம் தமிழகக் கரைக்கு வரும்போது மூன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, ஊர்களில் ஏற்கெனவே இருக்கும் பங்கீடுகள் கிழமை, பருவம், ஆழம் ஆகியவற்றோடு அரசு ஆவணமாகப் பதிவாக வேண்டும். காலி இடம் என்று எழுதும் அதிகாரம் அந்த ஊரைக் கேட்காமல் யாருக்கும் இருக்கக் கூடாது. இரண்டு, இடம் இழப்பவருக்கு ஈடு எவ்வளவு, யார் தருவது என்பது அனுமதிக்கு முன்பே முடிவாக வேண்டும். மூன்று, மேசையில் படகு உரிமையாளர் மட்டும் உட்கார்ந்தால் போதாது. கூலிக்குப் போகிறவர், பாசிப் பெண், மீன் விற்கும் பெண், பாக் விரிகுடாவில் என்றால் மறுகரை மீனவரும் இருக்க வேண்டும்.

வல்லத்துக்காரரும் விசைப்படகுக்காரரும் அடித்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து பேசி, வாரத்தைப் பிரித்தார்கள். குறைகள் உண்டு, மீறல்கள் உண்டு, ஆனாலும் அந்த ஏற்பாடு இத்தனை ஆண்டுகளாகத் தாங்கி நிற்கிறது. கடலில் இறங்குகிறவர்களின் ஒப்புதல் அதில் இருப்பதே காரணம். காற்றாலைக்கும் துறைமுகத்துக்கும் பூங்காவுக்கும் அதே ஒப்புதலைப் பெற நேரம் பிடிக்கும். முதல் கம்பத்தை நடும் முன் அந்த நேரத்தைக் கொடுத்தாக வேண்டும்.